எந்தக் கேள்விக்கு எந்த அறம்?

2013 ஏப்ரல் 2: தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சூழலைக் கெடுத்ததற்கு 100 கோடி ரூபாய் கட்டு, ஆலையை ஓட்டு என்றது. 2024 பிப்ரவரி 29: அதே நீதிமன்றம், அதே ஆலை. மூடியது மூடியதுதான் என்றது. இடையில், 2018 மே மாதம், ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள்மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்திருந்தார்கள்; ஆலையும் மூடப்பட்டிருந்தது.

பதினோரு ஆண்டுகளில் விதிமீறல்களின் பட்டியல் நீண்டது உண்மை. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதும் மாறியிருந்தது. அறவியலின் பெரிய கோட்பாடுகள் வேறுபடுவதும் அங்கேதான்.

பயன்வாதம்

பெந்தாமும் மில்லும் வளர்த்த கோட்பாடு. எல்லோருக்குமாகக் கூட்டிக் கழித்தால் நன்மை மிஞ்சுகிறதா என்று பார்க்கும். 2013 தீர்ப்பின் ஒரு பகுதியில் இந்தக் கணக்கைக் காணலாம்: ஆலையில் சுமார் 1,300 ஊழியர்கள், அதை நம்பிய துணைத் தொழில்கள், அரசுகளுக்கு வரி, தூத்துக்குடித் துறைமுகச் சரக்கில் 10 சதவீதம். எந்தச் சாலையை முதலில் போடுவது, எந்தத் தளத்தை விரிவாக்குவது போன்ற முடிவுகளுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. குறை என்னவென்றால், கூட்டுத்தொகையில் யார் நஷ்டப்பட்டார் என்பது தெரியாது. சம்பளத்துக்கு எண் உண்டு. ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரரின் இருமலுக்கு என்ன எண் போடுவது?

கடமை அறம்

மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்று 1785இல் எழுதினார் காண்ட். லாபம் எவ்வளவு வந்தாலும் தாண்டக் கூடாத கோடு ஒன்று உண்டு என்பது இதன் அடிப்படை. ஆலை தந்த வேலையையும் வருவாயையும் 2024 தீர்ப்பு மறுக்கவில்லை; ஆனால் அப்பகுதி மக்களின் உடல்நலமே முதன்மையானது என்றது. உயிரும் உடலும் பணயமாகும் இடத்தில் இந்த அறம்தான் கைகொடுக்கும். வேலை இழந்த ஒப்பந்தத் தொழிலாளிக்குச் செய்ய வேண்டிய கடமையும் குறுக்கே வரும்போது, இரண்டில் எது கனமானது என்று சொல்லத் திணறும்.

ஒப்பந்த அறம்

ஜான் ரால்ஸ் 1971இல் முன்வைத்த சோதனை இது: நாளை நாம் யாராக இருப்போம் என்று தெரியாமல் விதி எழுதினால் எப்படி எழுதுவோம்? மன்னார் வளைகுடாவில் விசைப்படகு முதலாளியாகவும் பிறக்கலாம், நாட்டுப்படகில் வலை இழுப்பவராகவும் பிறக்கலாம். அப்படி யோசித்தால், கரையிலிருந்து 3 கடல்மைல் வரை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிய தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமாகத் தெரியும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் கொடுப்பதும் அப்படியே. ஆனால் மீனும் பவளப்பாறையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது. அவற்றுக்காகப் பேச இந்தக் கோட்பாட்டில் எளிதில் ஆள் கிடைப்பதில்லை.

நற்பண்பு அறம்

முத்துக்குளித்த காலத்தில், கடலுக்குள் இறங்கியவரின் உயிர் மேலே கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது. அதனால்தான் மச்சானைக் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு: தங்கையின் தாலியை நினைத்தாவது கண்ணயர மாட்டான் என்ற நம்பிக்கை. எந்தச் செயல் சரி என்பதைவிட எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்றுதான் அரிஸ்டாட்டில் கேட்டார். மருத்துவர், மாலுமி, மாசு அளக்கும் அதிகாரி என விதிப்புத்தகம் எட்டாத வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது இந்தக் கேள்வி உதவும். ஆலைக்கு உரிமம் தரலாமா என்பதற்கு இதில் பதில் கிடைக்காது. உறவுப் பாசம் சலுகையாக மாறும் ஆபத்தும் உண்டு.

எதைத் தேர்வது?

நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட வேண்டியதில்லை, வரிசைதான் முக்கியம். யாருடைய உயிரும் உடலும் பணயமாகின்றன என்ற காண்டின் கேள்வி முதலில். அதைத் தாண்டிய திட்டத்துக்கு, சுமை யார் தலையில் விழுகிறது என்ற ரால்ஸின் கேள்வி. இரண்டிலும் தேறியவற்றுக்குள் பயன்வாதக் கணக்குப் போடலாம். நடத்தப்போகும் ஆட்களை எடைபோட அரிஸ்டாட்டில். கணக்கை முதலில் போட்டுவிட்டால், மற்ற கேள்விகள் வெறும் ஆட்சேபங்களாகவே ஒலிக்கும்.

உங்கள் ஊரில் ஒரு திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தால், 2006ஆம் ஆண்டுச் சூழல் தாக்க அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் திட்ட அறிக்கையின் சுருக்கத்தை வாங்கிப் படித்துவிடுங்கள். எத்தனை பேருக்கு வேலை என்று மேடையில் சொல்வதற்கு முன், முதல் இரண்டு கேள்விகளை எழுத்தில் கொடுங்கள்.