சைக்கிளைத் தொங்கவிட ஒரு கொழுக்கி

வீட்டுக்கு உபயோகமான சின்னச் சின்ன வேலைகளைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் நாம் பேசி வருகிறோம். இந்த முறை சைக்கிள். ஓட்டுவதைப் பற்றி அல்ல, ஓட்டாத நேரத்தில் அதை எங்கே வைப்பது என்பதைப் பற்றி.

வெளிநாடுகளில் வீட்டோடு சேர்ந்து ஒரு கராஜ் இருக்கும். அதன் சுவரிலோ முகட்டு மரத்திலோ பலமான கொழுக்கி அடித்துச் சைக்கிளை மாட்டி விடுகிறார்கள். நமக்குக் கராஜ் ஏது? 10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அவ்வளவுதான். ஆனால் இடம் குறைந்த வீட்டுக்குத்தானே கொழுக்கி கட்டாயம் தேவை? அதனால் இந்த வேலை நமக்குத்தான் அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறோம்.

இஸ்தோப்பில் சாத்தி வைத்த சைக்கிளால் இரண்டு ஆபத்து. ஒன்று, நடை பழகும் பிள்ளை ஹேண்டிலைப் பிடித்து இழுத்தால் 20 கிலோ இரும்பு அப்படியே மேலே விழும். மற்றது, முதுகோடு முதுகாகக் கட்டிய லயன்களில் வெளியே வர ஒரே ஒரு கதவு. இரவில் தீப்பிடித்தால் அந்த வழியில் சைக்கிள் கிடக்கலாமா? பெடலில் கால் மாட்டி ஒருவர் விழுந்தால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் நின்று போவார்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது சைக்கிள் விலை எங்கே போய் நின்றது என்பதும் ஞாபகம் இருக்கும். மழைத் தூவானத்தில் துருப்பிடிக்க விடுகிற சாமான் அல்ல அது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பாரக் கணக்கு. பழைய மாதிரிப் பெரிய சைக்கிள் ஒன்று சுமார் 20 கிலோ. கெரியர், லைட், பூட்டு எல்லாம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். பாரத்தை மெதுவாக மாட்டாமல் சட்டென்று கொழுக்கியில் விட்டால், அந்த நொடியில் இரண்டு மடங்கு இழுக்கும். அது 40 கிலோ. போதாததற்கு வீட்டில் பையன்கள் இருந்தால் தொங்கும் சக்கரத்தைப் பிடித்து ஆடாமல் விடமாட்டார்கள். ஆகவே 60 கிலோ தாங்கும் கொழுக்கி என்று மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். சட்டி பானை மாட்டுகிற கொக்கி இதற்குச் சரிவராது.

அடுத்தது, எதில் அடிப்பது? பெரும்பாலும் கொழுக்கி உடைவதில்லை. அது பிடித்திருக்கும் இடம்தான் விட்டுக் கொடுக்கிறது. பழைய லயன் சுவர்களில் கல் உறுதியாகத்தான் இருக்கும், கல்லுக்கு நடுவிலுள்ள சாந்துதான் உதிரும். சாந்தில் ரோல் பிளக் இறக்கினால் ஒரு மாதத்தில் கையோடு வரும். துளையைக் கல்லின் நடுவில்தான் போட வேண்டும். புதிய வீடுகளின் சீமெந்துக் கல்லிலும் இதே கதைதான். கல்லின் உள்ளே பொந்து இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சுவரில் நம்பிக்கை இல்லை என்றால், 2 அங்குலத் தடிப்பில், 3 அடி நீளத்தில் நல்ல பலகை ஒன்றை எடுத்து, நாலைந்து இடத்தில் சுவரோடு இறுக்கி, அந்தப் பலகையில் கொழுக்கியைப் பூட்டலாம். பாரம் ஒரே துளையில் விழாமல் பிரிந்து போகும்.

மரத்தில் பூட்டுவதானால் தடித்த வளையில் மட்டும். தகரம் அடித்திருக்கும் மெல்லிய சட்டத்தைத் தொடவே வேண்டாம். வளை பார்வைக்கு நன்றாக இருக்கும், உள்ளே கறையான் தின்றிருக்கும். ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி லேசாக இறங்கினால் அந்த மரம் வேண்டாம். திருகுக் கொழுக்கி என்றால் முதலில் அதன் தண்டை விடக் கொஞ்சம் சிறிய துளை போட்டுவிட்டுப் பிறகு திருக வேண்டும். துளை போடாமல் முறுக்கினால் மரம் வெடிக்கும். மரை முழுவதும், 2 அங்குலமாவது, மரத்துக்குள் போக வேண்டும். கூரை அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் தகட்டில் துளை போடக்கூடாது, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. கரண்ட் வயர் ஓடும் பக்கத்தையும் விட்டுவிடுங்கள். தோட்டத்து லயன் என்றால் சுவரைத் தொடுவதற்கு முன் காரியாலயத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது பிறகு வரும் பேச்சைக் குறைக்கும்.

கடையில் நல்ல கொழுக்கி கிடைக்காவிட்டால் 10 மில்லிமீற்றர் கம்பியில் பட்டறையில் வளைத்துக் கொள்ளலாம். உள் அகலம் இரண்டரை அங்குலம் போதும். மொத்த டயர் போட்ட மவுண்டன் சைக்கிளுக்கு 3 அங்குலம் வேண்டும். நுனி மேல்நோக்கி நன்றாகத் திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கி வரும். பழைய டியூப்பை நீளமாக வெட்டிக் கொழுக்கியில் சுற்றி விட்டால் ரிம்மில் கீறல் விழாது.

மாட்டுவது முன் சக்கரத்தில். அதற்குக் காரணம் இருக்கிறது. சைக்கிளை நிமிர்த்தினால் கொழுக்கி பிடிக்க வேண்டிய இடத்தில் பின் சக்கரத்தை மட்கார்ட் மூடியிருக்கும். முன் சக்கரத்தில் அந்த இடம் திறந்து கிடக்கும். "ஒரு சக்கரத்துல தொங்கவிட்டா ரிம் வளைஞ்சிராதா?" என்று பலர் கேட்பதுண்டு. வளையாது. ஆளும் அரிசி மூட்டையும் ஏறிப்போகும் சக்கரம் அது, வெறும் சைக்கிளின் பாரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

உயரத்தைக் கணக்குப் போட்டு மண்டையை உடைக்க வேண்டாம். சைக்கிளைப் பின் சக்கரத்தில் நிமிர்த்திச் சுவரோடு நிறுத்தி, முன் சக்கரத்தின் உச்சி எங்கே வருகிறதோ அதற்கு 2 அங்குலம் மேலே அடையாளம் போடுங்கள். அநேகமாக ஆறடிக்கு மேல் வரும். இப்படி வைத்தால் முழுச் சைக்கிளையும் தூக்க வேண்டியதில்லை. பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தி, கொஞ்சம் உந்தி மாட்டினால் சரி. அம்மாவுக்கும் முடியும், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் முடியும். இஸ்தோப்புக் கூரை அந்த உயரம் இல்லாத வீடுகளில் இந்த முறை சரிவராது. அங்கே இரண்டு கொழுக்கியைச் சுவரில் அடித்து பார் கம்பியைப் படுக்கையாக மாட்டலாம். அப்போது இரண்டு பேர் தூக்குவது நல்லது. தொட்டிலுக்கும் பிள்ளைகள் படுக்கிற இடத்துக்கும் மேலே மட்டும் எந்தக் காரணத்துக்கும் மாட்டக்கூடாது.

பூட்டியதும் சைக்கிளை மாட்டிவிட வேண்டாம். 20 லீற்றர் கேன் இரண்டில் தண்ணீர் நிரப்பினால் 40 கிலோ. அதோடு 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றையும் சேர்த்துக் கயிற்றில் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு இரவு தொங்கட்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். காலையில் கொழுக்கி அசைந்திருக்கிறதா, சுவரில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, மரத்தூள் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் சைக்கிளை மாட்டலாம். ஏதாவது ஒன்று இருந்தாலும் கழற்றிவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டும். அதே துளையில் ஈர்க்குக் குச்சி செருகி மறுபடி முறுக்குவது நம்மவர்களுக்குப் பழக்கம், இந்த விஷயத்தில் அது வேண்டாம்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை கொழுக்கியைக் கையால் ஆட்டிப் பார்த்து, துரு இருந்தால் சுரண்டி ஒரு பூச்சு பெயின்ட் அடித்து விடுங்கள். இஸ்தோப்பில் தொங்கும் சைக்கிள் என்றால் இரவில் செயினைக் கொழுக்கியோடு சேர்த்துப் பூட்டி வைப்பதும் நல்லது.