கார் பெயிண்டர் விமானத்துக்கு வந்தால்...

அமெரிக்காவில் சொந்த கராஜிலேயே விமானம் கட்டுகிறவர்கள் ஏராளம். ஓரிகன் மாநிலத்து வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. கிட்களை வாங்கிக் கட்டியவை மட்டும் 10,000-க்கு மேல் பறந்திருக்கின்றன. ரிவெட் அடிப்பதுவரை தாங்களே செய்பவர்களில் பலர், பெயிண்டுக்கு ஆள் தேடுகிறார்கள். கார் பெயிண்டருக்கு இங்கே வேலை உண்டு. சில பழக்கங்களைத்தான் விட வேண்டும்.

தேய்ப்பதில் நிதானம்: விமானத்தின் உடல் தகடு 2024 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவை. அரிப்பைத் தடுக்க அதன் இரு பக்கமும் தூய அலுமினியப் படலம் உண்டு. 0.8 மி.மீ. தகட்டில் அது பக்கத்துக்குச் சுமார் 0.04 மி.மீ.தான். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் போயே போய்விடும். பளபளப்பு மங்கும் அளவுக்கு மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட் போதும். ஸ்டீல் உல் கூடவே கூடாது. அதன் இரும்புத் துகள் பதிந்த இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும்.

தண்ணீர் சோதனை: கழுவிய தகட்டில் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை, திரும்பக் கழுவுங்கள். அதன்பின் வெறும் கையால் தொடாமல், காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள்.

பட்டியும் பிளேடும்: ரிவெட் தலைகளை மறைக்கக் கனமாகப் பட்டி பார்த்தால் அதிர்வில் விரிசல் விடும், எடையும் ஏறும். மாஸ்கிங் டேப்பைத் தகட்டின்மேல் வைத்து பிளேடால் வெட்டாதீர்கள். அந்தக் கீறலிலிருந்தே பின்னாளில் தகட்டில் விரிசல் விழலாம்.

மூச்சு முக்கியம்: பாலியூரிதேன் பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவை வரவழைக்கும். வாடையை நம்பி அளவு தெரிந்துகொள்ள முடியாது. வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடியைக் கேட்டு வாங்குங்கள்.

அடித்து முடித்தபின்: காற்றழுத்தம் அளக்கும் சிறு துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். விமானத்தைத் திருப்ப உதவும் அசையும் பகுதிகளான எய்லரான், எலிவேட்டர், ரடர் ஆகியவற்றில் கீலுக்குப் பின்னால் ஏறிய பெயிண்ட் சமநிலையைக் கெடுக்கும். அப்படியே பறந்தால், வேகத்தில் அவை படபடத்து உடையும் அபாயம் உண்டு. பேலன்ஸை மறுபடி சரிபார்க்க வேண்டும். விமானத்தையும் மறுபடி எடை போட வேண்டும்.

கூலி பேசும்போதே, “பேலன்ஸ் யார் பார்ப்பது?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விமான வேலை தெரிந்தவர் என்பது உரிமையாளருக்கு அந்தக் கேள்வியிலேயே புரிந்துவிடும்.