வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட்கிட்ட பணம் கட்டப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க

போன ஐடிஆர் சீசன்ல, தையல் கடை வச்சிருக்கற ஒரு கிளையன்ட் ஆபீசுக்கு வந்தார். கணக்கெல்லாம் முடிஞ்சதும் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். "சார், ஏஜென்ட்கிட்ட கொடுத்து ஏமாந்த பணத்தை நஷ்டமா காட்டி வரியைக் குறைக்க முடியுமா?"

முடியாது. கடைக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா அவர் சொன்ன கதையைக் கேட்டதும்தான் இந்தப் பதிவு எழுதணும்னு தோணுச்சு.

பையனுக்கு குவைத்ல டிரைவர் வேலைன்னு 1,80,000 ரூபாய் கொடுத்திருக்கார். அதுல 20,000 யுபிஐ மூலமா போயிருக்கு. மீதி 1,60,000 ரொக்கம், மூணு தவணையா. ரசீதுன்னு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எல்லாமே மனைவியோட நகையை மாசம் 1% வட்டிக்கு அடகு வச்ச பணம். வேலையும் இல்லை, விசாவும் இல்லை. வட்டி மட்டும் மாசம் 1,800 ரூபாய் போயிட்டிருக்கு.

சட்டப்படி எவ்வளவு வாங்கலாம்?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கறவங்க 1983-ம் வருஷ குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசுகிட்ட பதிவு செஞ்சிருக்கணும். அப்படிப் பதிவு செஞ்ச ஏஜென்ட் வேலைக்குப் போறவர்கிட்ட வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதுக்கு 18% ஜிஎஸ்டி 5,400. மொத்தம் 35,400 ரூபாய்.

நம்ம கிளையன்ட் கொடுத்தது இதைப் போல அஞ்சு மடங்கு! இந்த ஒரு நம்பர் தெரிஞ்சிருந்தாலே முதல் நாளே சந்தேகம் வந்திருக்கும்.

மெடிக்கல், டிக்கெட்னு தனியா கேட்டா, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பில் கேளுங்க.

பணம் கட்டறதுக்கு முன்னாடி

1. மத்திய வெளியுறவுத் துறையோட இ-மைக்ரேட் தளத்துல ஏஜென்ட் பேரைத் தேடுங்க. பதிவு நடப்புல இருக்கான்னு பாருங்க.

2. "நான் அந்தப் பெரிய கம்பெனியோட ஆள்"னு ஊருக்குள்ள சொல்லிட்டு வர்ற சப்-ஏஜென்டை நம்பாதீங்க. கம்பெனிக்குப் பதிவு இருக்கறதால அவருக்கும் இருக்குன்னு அர்த்தம் இல்லை. நேரா கம்பெனிக்கே போன் பண்ணிக் கேளுங்க.

3. "டூரிஸ்ட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்"னு சொன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க. 2022-ல தாய்லாந்துல ஐடி வேலைன்னு நம்பிப் போன நம்ம பசங்க பலர் மியான்மர்ல மோசடிக் கும்பல்கிட்ட மாட்டினது ஞாபகம் இருக்கும்.

பணம் கட்டும்போது

இதுதான் ஒரு ஆடிட்டரா நான் அழுத்திச் சொல்ற இடம். பணத்தை எப்படிக் கொடுத்தீங்கங்கறதுதான், பின்னாடி அது திரும்பி வருமாங்கறதைத் தீர்மானிக்கும்.

பேங்க் டிரான்ஸ்ஃபர், செக், யுபிஐ, இதுல எதுவா இருந்தாலும் நிறுவனத்தோட பேர்ல இருக்கற கணக்குக்கே அனுப்புங்க. மச்சான் கணக்கு, டிரைவர் கணக்கெல்லாம் வேண்டாம். பில்லுல இருக்கற ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்துல போட்டா யார் பேர்ல இருக்குன்னு அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

"ரொக்கம்தான் வேணும்"னு பிடிவாதம் பிடிச்சா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. ஒரே விஷயத்துக்கு 2 லட்சம் ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறதை வருமான வரிச் சட்டமே தடுக்குது. தவணையா பிரிச்சு வாங்கினாலும் அதே கதைதான். வாங்கினவருக்கு வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரும்.

ரசீது தர மறுக்கறதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அதனால கூச்சப்படாம கேளுங்க.

பணம் போயிடுச்சு, இப்ப என்ன செய்யறது?

போலி விசா, ஆள் தலைமறைவுன்னா அது மோசடி. உடனே போலீஸ்ல புகார் கொடுங்க. சென்னையில இருக்கற குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி அலுவலகத்துக்கும் எழுதுங்க.

ஏஜென்ட் இருக்கார், ஆனா சொன்ன சேவையும் செய்யலை, பணமும் தரலைன்னா நுகர்வோர் ஆணையம் இருக்கு. முதல்ல 1915-க்கு போன் பண்ணிப் புகாரைப் பதிவு பண்ணலாம். அதுல தீரலைன்னா மாவட்ட ஆணையம்.

- நீங்க கொடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையத்துலயே வழக்கு போடலாம்.
- தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமே இல்லை.
- ஏஜென்ட் எந்த ஊர்ல இருந்தாலும், நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம்.
- வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னு கட்டாயம் இல்லை.
- பிரச்சினை வந்ததுல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். "அடுத்த மாசம் தர்றேன்"ங்கற பேச்சை நம்பி இந்தக் கெடுவை விட்டுடாதீங்க.

ஒரு விளக்கம். தூதரகம் விசாவை மறுத்துட்டா, அந்த முடிவை நுகர்வோர் ஆணையம் மாத்தாது. ஏஜென்டோட சேவையில குறை இருந்துச்சா, தவறான வாக்குறுதி கொடுத்தாரா, இதைத்தான் அது பார்க்கும். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பற கன்சல்டன்சிகளுக்கு வேலைக்கான அந்தக் குடிபெயர்வுப் பதிவு பொருந்தாது. ஆனா கட்டணம் வாங்கியிருந்தா நுகர்வோர் சட்டம் அவங்களுக்கும் பொருந்தும்.

நம்ம கிளையன்ட் என்ன ஆனார்?

ரசீது இல்லைன்னாலும் அவர் போன்ல ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இருந்துச்சு. "அண்ணே, ஒண்ணு எண்பது முழுசா வந்துடுச்சு"ன்னு ஏஜென்டே பேசினது. அதையும் யுபிஐ விவரத்தையும் வச்சு, பணத்தைத் திருப்பிக் கேட்டு பதிவுத் தபால்ல ஒரு நோட்டீஸ் அனுப்பினோம். 70,000 பேங்க்ல வந்துடுச்சு. மீதிக்கு மாவட்ட ஆணையத்துல மனு போட்டிருக்கார். நகை இன்னும் அடகுலதான் இருக்கு.

அந்த மெசேஜை அவர் அழிச்சிருந்தா இந்த 70,000-மும் வந்திருக்காது. அதனால சாட்டையும் ஆடியோவையும் அழிக்காதீங்க, போனை மாத்தினா பேக்கப் எடுத்து வைங்க.

உங்க தெருவுல யாராவது பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு ஏஜென்டைப் பார்க்கக் கிளம்பினா, இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்புங்க. 35,400 ரூபாய்ங்கற நம்பரை மட்டுமாவது சொல்லி அனுப்புங்க. இ-மைக்ரேட்ல ஏஜென்ட் பேரை எப்படித் தேடறதுன்னு அடுத்த வீடியோவுல ஸ்கிரீன்ல காட்டறேன்.