உள்ளங்கால் வளைவு

ஆரணிப் பட்டின் பெருமை பேசுவோர் நெய்பவரின் கையையே புகழ்வர். குழித்தறியின் முன் அமர்ந்து நாடாவைச் செலுத்துவது கை, மெய்தான். ஆயினும் பாவிழைகளை மேலும் கீழுமாகப் பிரித்து அந்நாடாவுக்கு வழி திறப்பது, குழிக்குள் மறைந்து மிதிபலகையை மாறி மாறி மிதிக்கும் காலேயாம். புலவர் மகளிர் அடியின் மென்மையைப் பாடினர். மிதித்து மிதித்துக் காய்ப்பேறிய அடியைப் பாடுவார் அரியர். அவ்வடியின் அமைப்பைப் பற்றி யாம் கற்றறிந்தவற்றுட் சில இங்கே கூறுவாம்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள. அவை கல்லாலியன்ற பாலத்தின் வளைவு போல அடுக்கப்பெற்று, நார்களாலும் தசைகளாலும் இழுத்துக் கட்டப்பெற்றுள்ளன. கல்வளைவு அசையாது, கால்வளைவோ அசையும். குதிகால் நிலத்தில் ஊன்றியவுடன் பாதம் சற்றே உட்புறம் சாய, வளைவு தாழும். அதனால் ஊன்றலின் அதிர்ச்சி தணியும். மேடுபள்ளத்துக்கு இயைந்து பாதமும் நெகிழும். பின்னர் அது புறஞ்சாய்ந்து இறுகி, முன்னடி நிலத்தை உந்துதற்கு நெம்புகோல் போல் உதவும். முன்னதை ஆங்கில மருத்துவ நூலார் ‘புரோநேஷன்’ என்பர். யாம் உட்சாய்வு என்போம். இது நோயன்று, நடையின் இன்றியமையாத கூறு. பாதரட்சைக் கடைக்காரர் சிலர் இச்சொல்லையே ஒரு பிணியின் பெயர் போல் உரைப்பதுண்டு. மாணவர் அஞ்சற்க.

தம் வளைவு எத்தகையது என அறிய விரும்புவோர், நனைந்த காலை உலர்ந்த சிமெண்டுத் தரையில் ஊன்றிச் சுவட்டை நோக்குக. உட்புறம் நடுவே குழிந்து தோன்றின் இயல்பான வளைவு. அடி முழுதும் பதியின் தட்டைக்கால். குதியும் முன்னடியும் மட்டும் பதிந்து இடையே மெல்லிய கோடே எஞ்சின் உயர்வளைவு. உயர்வளைவுக் கால் பெரும்பாலும் விறைப்பானது. பாரம் குதியிலும் முன்னடியிலும் குவிதலின் ஆங்கே நோதலும் காய்த்தலும் உண்டாம். தட்டைக்காலில் உட்சாய்வு மிகும். நெடுநடைக்குப் பின் கணுக்காலின் உட்புறம் சிலர்க்குச் சோர்ந்து வலிக்கும். பலர்க்கோ ஒரு வருத்தமும் இல்லை.

ஆரணியில் ஒரு நெசவாளர் இல்லத்தில் யாம் இச்சோதனையை விளையாட்டாகச் செய்து காட்டியபொழுது, அவ்வீட்டுத் தாயார், “தம்பீ, என் மகன் கால் இப்படிப் பட்டையாய்ப் பதிகிறதே, பட்டாளத்தில் கழித்துவிடுவார்களாமே, மெய்தானா?” என்று வினவினார். வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை ‘இராணுவப்பேட்டை’ என்றே பெயர் பெற்றிருக்க, அவ்வாசை ஆரணித் தெருக்களிலும் பரவியிருத்தல் வியப்பன்று. அக்கவலைக்கு விடை உண்டு. இந்தியப் படை அலுவலர் தேர்வுக்குரிய மருத்துவ விதிகளில், நுனிக்காலில் நின்றபொழுது வளைவு மீண்டும் தோன்றி, நுனிக்காலில் நன்கு ஓடவும் குதிக்கவும் வல்லவனாய், பாதம் நெகிழ்வும் நோயின்மையும் உடையதாயின் ஏற்கலாம் எனக் கண்டுள்ளது. பிற பதவிகளுக்கு அவ்வவற்றின் அறிவிப்பை நோக்குக. அப்பிள்ளை சுவரைப் பற்றி நுனிக்காலில் எழுந்தான். வளைவும் உடன் எழுந்தது. தாயார் முகம் மலர்ந்தது. எழுந்தும் வளைவு தோன்றாத விறைத்த தட்டைக்காலும், முன்பு வளைந்திருந்து நடுவயதில் ஒரு காலில் மட்டும் வலியோடு தாழ்ந்த வளைவுமே மருத்துவர்க்குக் காட்டத்தக்கன.

குழந்தைகள் ஏறக்குறைய யாவரும் தட்டைக்காலுடனேயே நடை பயில்கின்றனர். வளர வளரவே வளைவு தோன்றும். மங்களூர் மருத்துவர் உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 சிறுவர் சிறுமியரின் சுவடுகளை ஆராய்ந்து 1992ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாதரட்சை அணிந்தோரில் 8.6 விழுக்காட்டினர்க்குத் தட்டைக்கால், அணியாதோரில் 2.8 விழுக்காட்டினர்க்கே. தெருவில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளையை அதட்டுமுன் பெற்றோர் இதனை எண்ணுதல் நன்று. முள்ளும் கண்ணாடிச் சில்லும் வேறு செய்தி.

ஓட்டக்காரர் நிலை யாது? டென்மார்க்கில் புதிதாக ஓடப் பழகிய 927 பேரை ஓராண்டு தொடர்ந்து, யாவர்க்கும் ஒரே வகைப் பாதரட்சை அளித்து நோக்கினர். உட்சாய்வு மிக்கோர் மற்றவரினும் மிகுதியாகக் காயமுற்றிலர் என 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகலின் வளைவின் வகைக்கேற்பப் பெருவிலை கொடுத்தல் வேண்டா; அணிந்து ஓடிப் பார்த்து, காலுக்கு இதமாயிருப்பதனையே கொள்ளலாம் என்பது எம் கருத்து.

ஆயின் இதம் என்னும் இச்சான்று எல்லார்க்கும் செல்லாது. கொல்லிமலையிற் பிறந்து 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளர் பாதம் புண்ணாதற்கு வலியுணர்வின் இழப்பே காரணம் எனக் காட்டினார். மென்மையான ரப்பர் அடியிட்ட பாதரட்சைகள் அவர்க்கு உதவின. நாட்பட்ட நீரிழிவிலும் அவ்வுணர்வு கெடுவதுண்டு. வெறுங்காலோடு மிதிபலகை மிதிக்கும் நெசவாளர் ஒருவர்க்கு அந்நோய் இருப்பின், உரசிய புண்ணும் தைத்த சிம்பும் தோன்றாமலே போம். அவர் தறியினின்று எழுந்ததும் உள்ளங்காலை விளக்கொளியில் நோக்குதல் வேண்டும். குனிய இயலாதவர் மனைமக்களைக் கொண்டேனும் நோக்குவிக்க.