மரநிழலில் மூலிகை: தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கு

மூலிகைத் தொழிலில் இறங்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே, "எந்தச் செடிக்கு நல்ல விலை?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன் இன்னொன்றைக் கேட்டாக வேண்டும். அந்தச் செடியில் விற்பனைக்குப் போவது எது? இலையா, காயா, பட்டையா, வேரா? உங்கள் தொழில் எத்தனை காலம் நிற்கும் என்பது அதில்தான் இருக்கிறது.

சிறுகுறிஞ்சானில் விற்பது இலை. கொடியை ஒருமுறை மரத்திலோ பந்தலிலோ ஏற்றிவிட்டால் பல ஆண்டுகள் பறிக்கலாம். திப்பிலியில் காய். அது பழுக்கும் முன், கரும்பச்சையாக இருக்கும்போதே பறித்து வெயிலில் உலர்த்தினால் நாட்டு மருந்துக் கடையின் அரிசித்திப்பிலி. கொடி ஓய்ந்த பிறகு தண்டும் வேரும் கண்டந்திப்பிலியாக விலைபோகும். நிழல் கேட்கும் கொடி என்பதால் தென்னந்தோப்பிலும், கொல்லிமலை போன்ற இடங்களில் காப்பிச் செடிகளுக்கு இடையிலும் நன்றாக வரும். புதிதாக வருபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பயிர் இது.

மாகாளிக்கிழங்கின் கதை வேறு. விலை கிடைப்பது வேருக்கு. வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறை இடுக்குகளில் வளரும் இந்தக் கொடி, ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் தோண்டித் தோண்டியே அருகிவிட்டது. மரமஞ்சள் நிலைமை இன்னும் மோசம். மெல்ல மெல்லத் தடிக்கும் கொடி அது; ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. தண்டுக்காக ஒரு சரிவிலுள்ள பெண் கொடிகளை வெட்டிவிட்டால், ஆண் கொடிகள் எத்தனை மிஞ்சினாலும் அங்கே விதை விழாது. ஆகவே முதல் சில ஆண்டுகள் இலையிலும் காயிலும் நில்லுங்கள். வேர்ப்பயிர் வேண்டுமென்றால் நீங்களே நாற்றுவிட்டு வளர்த்ததை மட்டும் தோண்டுங்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு அதற்குத் தோதானது. ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளில் கிழங்கு எடுக்கலாம். கிழங்கை அறுத்துக்கொண்டு மேல்தூரை மறுபடியும் மண்ணில் வைத்துவிடலாம்.

காட்டில் சேகரிப்பவர்களோடு வேலை செய்யப் போகிறீர்களா? அப்படியென்றால் காணிப் பழங்குடி மக்களின் அனுபவத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் சென்ற ஆய்வாளர்களுக்கு, களைப்புத் தீர்க்கும் ஆரோக்கியப்பச்சையைக் காட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு ஏழாண்டு உரிமம் கொடுத்தார்கள். உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. அதைப் பெற 1997இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. அறிவைத் தந்தவர்களுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகம் பாராட்டியது. சிக்கல் இலையில் வந்தது. காட்டுத் தரையின் நிழலையும் ஈரத்தையும் கேட்கும் செடி அது. வேரோடு பிடுங்கிவிடுவார்களோ என்று வனத்துறை அஞ்சியது. இலை வரத்து தடைப்பட்டது. மருந்து, ஒப்பந்தம், பாராட்டு எல்லாம் வந்துவிட்டன. இலையை யார், எங்கே, எவ்வளவு பறிப்பது என்பதை மட்டும் யாரும் முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. அந்த முடிவை எடுப்பதும் காப்பதும்தான் இந்தத் தொழிலின் நடுவேலை என்று நான் நினைக்கிறேன். எந்தச் சரிவில் இந்த ஆண்டு கை வைக்கக்கூடாது, எத்தனை தாய்ச்செடிகளை விதைக்கு விடுவது, போன ஆண்டு பறித்த இடத்தில் எத்தனை கன்று முளைத்திருக்கிறது என்பதையெல்லாம் சேகரிப்பவர்களோடு உட்கார்ந்து பேசி, ஒரு நோட்டில் எழுதி வைப்பவருக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

சட்டத்தில் இரண்டைத் தெரிந்துகொண்டால் தொடங்கலாம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூலிகை, வேர், கிழங்கு எல்லாவற்றையும் சிறு வனப்பொருளாகச் சொல்லி, அவற்றின் மேல் காட்டுவாசிகளுக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை உங்களுக்கு வராது. ஆகவே காட்டுச் சரக்கை அவர்களிடம் நியாய விலைக்கு வாங்குங்கள். பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தம், பயிரிட்ட மூலிகைகளுக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்கு தருகிறது. சரக்கு பயிரிட்டதுதான் என்பதற்குச் சான்று வேண்டும். நாற்று வாங்கிய ரசீது, நட்ட தேதி, நிலத்தின் சர்வே எண் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே கோப்பில் போடுங்கள்.

நல்ல சரக்கு கெடுவது பெரும்பாலும் களத்தில்தான். இலையை நிழலில், காற்றோட்டத்தில், தட்டுகளில் பரப்பிக் காயவையுங்கள். தார்ச்சாலையில் எதையும் காயப்போடாதீர்கள். வண்டிப் புகை படும் சாலையோரச் செடிகளிலும் பறிக்காதீர்கள். பழைய உரச்சாக்கில் மூலிகை கட்டுவது அறவே கூடாது. மூட்டை ஒவ்வொன்றிலும் செடியின் பெயர், பாகம், இடம், பறித்த தேதி இருக்கட்டும். பூஞ்சை வாடை அடித்தால் எந்த மருந்துக் கம்பெனியும் மூட்டையை இறக்காது.

நிலம் இல்லாதவர்களுக்கும் இங்கே வேலை உண்டு. அசோகப் பட்டை என்று நெட்டிலிங்கப் பட்டை வருகிறது, நன்னாரி என்று மாகாளிக்கிழங்கு வருகிறது. கண்ணாலும் மூக்காலும் லென்ஸாலும் பிரித்துச் சொல்லக்கூடிய ஆளை மருந்து செய்பவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தாவரவியல் பட்டம், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிப் படிப்பு, சித்த மருத்துவத்தில் குணபாடம் என்று வழிகள் பல. எதைப் படித்தாலும், காடு தெரிந்த பெரியவர் ஒருவரோடு எல்லாப் பருவத்திலும் நடந்து பழகுங்கள். பூவில்லாத காலத்தில் செடியை அடையாளம் காண அவர்தான் கற்றுத் தருவார். கற்றுத் தரும் நாளுக்கு அவருக்குச் சம்பளம் கொடுங்கள்.

நடுவதற்கு முன்பே வாங்குபவரைக் கண்டுபிடியுங்கள். விருதுநகர் மொத்த வியாபாரிகளிடம் ஒரு கிலோ மாதிரியோடு போய், என்ன தரம், எவ்வளவு ஈரம், மாதம் எத்தனை கிலோ என்று கேளுங்கள். சித்த மருந்துக் கம்பெனிகளின் கொள்முதல் பிரிவிலும் இதையே கேளுங்கள். ஒரே பயிரில் முழு நிலத்தையும் போடாதீர்கள். திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பக்கம் செங்காந்தள் விதைக்கு விலை ஏறி இறங்கும்போது விவசாயிகள் படும் பாட்டைப் போய்ப் பாருங்கள். மாநில மருத்துவத் தாவர வாரியத்தில் மானியம் விசாரிக்கலாம். ஆனால் மானியத்தை வருமானத்தில் சேர்க்காமல் கணக்குப் போடுங்கள். முதல் இரண்டு ஆண்டுச் செலவுக்குத் தோப்பில் ஏற்கனவே இருக்கும் தென்னையோ காப்பியோ மிளகோ கைகொடுக்க வேண்டும். அது இல்லாதவர்கள் கால் ஏக்கரில் தொடங்கி, வேறு வேலையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.