சாப்பிட்டு வருவதற்குள் வேகம் இறங்கும் கம்ப்யூட்டர்

கேள்வி: ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் டிசைனராக இருக்கிறேன். ஆடிப் பதினெட்டுக்குள் காலண்டர் ஆல்பம் முடிய வேண்டும் என்பதால் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி, வைத்திருக்கிறேன். பிராசஸர் இன்டெல் ஐ7-8700கே. விண்டோஸுக்குள் இருந்தபடியே எக்ஸ்டியூ மென்பொருளில் 4.8 கிகாஹெர்ட்ஸ் வைத்தேன். மதியம் ஸ்லீப்பில் போட்டுவிட்டுச் சாப்பிட்டு வந்தால் 4.3க்கு இறங்கிக் கிடக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. மதர்போர்டு பேட்டரி போய்விட்டது என்று கடையில் மாற்றிக் கொடுத்தார்கள், பலனில்லை. ஏன் இப்படி?
- ஒரு வாசகர், சிவகாசி

பதில்: பேட்டரி பாவம், அதன்மேல் பழி வேண்டாம். காசு போல உட்கார்ந்திருக்கும் அந்த சிஆர்2032 பேட்டரியின் முக்கிய வேலை, கரன்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது. அது செத்திருந்தால், பிளக்கைப் பிடுங்கி மாட்டும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்கு ஓடியிருக்கும். அதோடு, ஸ்லீப் நேரத்தில் சுவர் பிளக்கிலிருந்து கரன்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. பேட்டரியை நம்பி அப்போது யாரும் இல்லை.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்வோம். சும்மா இருக்கும் பிராசஸர் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விழித்த உடனே பார்த்துவிட்டுப் பதறக் கூடாது. ஒரு பெரிய ஃபைலை எக்ஸ்போர்ட் செய்ய விட்டு, அப்போது பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் 4.3 என்பது, ஆறு கோர்களும் சேர்ந்து உழைக்கும்போது இந்தப் பிராசஸருக்குக் கம்பெனி வைத்த வேகம். ஆகவே உங்கள் அமைப்பு நிஜமாகவே அழிந்துதான் போகிறது.

ஸ்லீப் என்றதும் பிராசஸர் லேசாகக் கண்ணயர்கிறது என்று நினைக்கிறோம். டெஸ்க்டாப்பில் வழக்கமாக நடப்பது அதுவல்ல. எஸ்3 என்னும் அந்த நிலையில் ரேமுக்கும், கீபோர்டு தட்டினால் எழுப்புகிற சில சுற்றுகளுக்கும் மட்டுமே கரன்ட். திறந்து வைத்த ஃபைல்கள் ரேமில் பத்திரமாக இருக்கும். பிராசஸரோ முழுக்க அணைந்துவிடும். அதன் ரெஜிஸ்டர்கள், அதாவது நடப்புக் கட்டளைகளைக் குறித்து வைத்திருக்கும் சின்னஞ்சிறு உள்நினைவிடங்கள், துடைத்துவிட்ட சிலேட்டாகிவிடும். எக்ஸ்டியூ எழுதிய பெருக்கு எண் (100 மெகாஹெர்ட்ஸை 48ஆல் பெருக்கு என்பது) அங்கேதான் இருந்தது.

உங்கள் மெஷின் அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். "மெஜந்தாவைக் கொஞ்சம் ஏத்துங்கண்ணே" என்று மெஷின்மேனிடம் வாயால் சொல்கிறீர்கள். அவரும் ஏற்றி ஓட்டுகிறார். ஷிஃப்ட் மாறுகிறது. அடுத்து வருபவர் ஜாப் கார்டைப் பார்த்து மெஷினை செட் செய்கிறார்; மெஜந்தா பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. அவர்மேல் குற்றம் சொல்ல முடியுமா? எக்ஸ்டியூவில் வைத்தது வாய்மொழி. பயாஸில், அதாவது மதர்போர்டின் சிப்பிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளில், எழுதியதுதான் ஜாப் கார்டு. விழித்தெழும் கம்ப்யூட்டர் அந்தக் கார்டைத்தான் புரட்டுகிறது.

ரீஸ்டார்ட் செய்தால் ஏன் சரியாகிறது? அப்போது எக்ஸ்டியூவின் பின்னணிச் சேவை புதிதாகத் தொடங்கி, தன் எண்ணை மறுபடி எழுதுகிறது. ஸ்லீப்பிலிருந்து எழும்போது அது ரேமில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதியாயிற்று என்ற நினைப்பிலேயே பல சமயம் இருந்துவிடுகிறது. விண்டோஸ் 8 முதல் வந்திருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியிலும் இதே வம்பு உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி டிஸ்கில் பத்திரப்படுத்தப்பட்டு அப்படியே திரும்பி வருகிறது. முழுசாகப் புதிதாய்த் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

வழி சுலபம். எக்ஸ்டியூவில் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோங்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போது டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போய், 48 என்ற பெருக்கு எண்ணையும் அதே வோல்டேஜையும் அங்கே பதியுங்கள். பிறகு மூன்று நான்கு தடவை ஸ்லீப்பில் போட்டு எழுப்பிப் பாருங்கள். சில பயாஸ் அமைப்புகள் ஸ்லீப்போடு ஒத்துப்போகாமல் இருப்பதும் உண்டு: 2011இன் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்கள் காலத்தில் பிஎல்எல் ஓவர்வோல்டேஜ் என்ற ஓர் அமைப்பைப் போட்டால், பல போர்டுகள் ஸ்லீப்பிலிருந்து எழவே மறுத்தன. பயாஸில் எழுதியும் வேகம் இறங்கினால், போர்டு கம்பெனியின் புதிய பயாஸ் பதிப்பை ஏற்றிப் பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டின் வேகத்தையும் ஏற்றியிருந்தால் அதற்கு பயாஸில் இடம் கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் 'பவர்-டிரபுள்ஷூட்டர்' என்ற மூலத்திலிருந்து வரும் 1ஆம் எண் நிகழ்வு, கம்ப்யூட்டர் விழித்ததற்கான அடையாளம். அது வந்ததும் ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள் தன் புரொஃபைலை மறுபடி போடும்படி அமைத்துவிடலாம்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். விருதுநகர் மாவட்ட வெயிலில், ஏசி இல்லாத அறையில், 4.8க்கு வோல்டேஜ் ஏற்றி நாள் முழுக்க ஓட்டுவதை நான் செய்ய மாட்டேன். லேயர் லேயராக அடுக்கிய காலண்டர் ஃபைலுக்கு அந்த அரை கிகாஹெர்ட்ஸைவிட இன்னொரு 16 ஜிபி ரேம் அதிகம் கைகொடுக்கும். ஆல்பம் வேலை முடிந்து கையில் காசு வந்ததும் முதலில் அதை வாங்கிப் போடுங்கள்.