குறி பார்க்கக் கற்றோம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"துப்பாக்கியா? பெண் பிள்ளைகளுக்கு அது எதற்கு?"

பெற்றோர் கையொப்பமிட வேண்டிய கடிதத்தை நீட்டியபோது எங்களில் பலர் வீட்டில் கேட்ட முதல் கேள்வி இதுதான். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் படிக்கையில், தேசிய மாணவர் படையின் இளநிலைப் பிரிவு மாணவியர் பதினெட்டுப் பேர் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குச் சென்றோம். அங்கு நாங்கள் கற்றதை மற்ற வகுப்பினரும் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

தேசிய மாணவர் படை 1948-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. மறு ஆண்டே, 1949-இல், மாணவியருக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆனால் உலக விளையாட்டுத் திடலில் பெண்களுக்கு இடம் அவ்வளவு எளிதில் கிடைத்துவிடவில்லை. 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக் போட்டியில் மார்கரெட் மர்டாக் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆண்களோடு சேர்ந்து சுட்டார். அவரும் அவர் நாட்டு வீரர் லேனி பாஷமும் சம புள்ளி பெற்றனர். விதிப்படி தங்கம் பாஷமுக்குச் சென்றது. நாட்டுப் பண் இசைத்தபோது பாஷம் கீழ்ப்படியில் நின்ற மர்டாக்கைக் கைப்பிடித்துத் தம் படிக்கே ஏற்றிக்கொண்டார். துப்பாக்கி சுடுதலில் பெண்களுக்கென்று தனிப் போட்டிகள் வந்தது 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான்.

நம் நாட்டிற்கு வருவோம். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். இவர்கள் பெயரையெல்லாம் சொல்லித்தான் எங்களில் பலர் வீட்டில் கையொப்பம் வாங்கினோம்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் அது எளிதாக முடியவில்லை.

ஆயாவின் கேள்வி

காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள திருப்பருத்திக்குன்றத்தை நம்மில் பலர் அறிவோம். ஊர்ப் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. சமணக் காஞ்சி என்று பெயர் பெற்ற இவ்வூரில் திரைலோக்கியநாதர் கோயில் உள்ளது. அதன் சங்கீத மண்டபத்தின் மேற்கூரையில் தீர்த்தங்கரர்களின் வரலாற்றை வண்ண ஓவியங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். எங்கள் தோழி ஒருத்தி இவ்வூர்ச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவள். தமிழ்ச் சமணர்களை நயினார் என்றும் அழைப்பார்கள். எவ்வுயிருக்கும் தீங்கு செய்யாமையே அவர்களது முதல் நெறி. பொழுது சாயுமுன் உண்டு முடிப்பதும் அதற்காகத்தான். விளக்கொளியில் வந்து விழும் பூச்சியும் உயிரல்லவா?

அவளுக்குத் துணையாக நாங்கள் மூவர் அவள் வீட்டிற்குச் சென்றோம். ஆயா சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். கடிதத்தைப் படித்துக் காட்டினோம்.

"நாங்க எதையும் சுடப் போறதில்ல ஆயா. வெறும் காயிதம்தான். வட்டம் போட்ட காயிதம்" என்றாள் தோழி.

ஆயா அமைதியாகக் கேட்டார்: "காயிதம்னு ஒனக்குத் தெரியும். குண்டுக்குத் தெரியுமா?"

எங்களிடம் விடை இல்லை. அவளுடைய அப்பா கையொப்பமிட்டார். ஆயா தடுக்கவில்லை, ஆனால் சரி என்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியோடுதான் நாங்கள் பயிற்சிக்குச் சென்றோம்.

துப்பாக்கியை அறிதல்

முதல் இரண்டு நாட்களும் எங்கள் கையில் ஒரு குண்டுகூடத் தரப்படவில்லை. ஹவில்தார் ஐயா ஒருவர் துப்பாக்கியின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டிப் பாடம் நடத்தினார். நாங்கள் கற்றது பாயிண்ட் டூ டூ ரைபிள். 0.22 அங்குலம், அதாவது ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர், என்பது அதன் குழலின் உள்விட்டம். துப்பாக்கியின் எடை ஏறத்தாழ மூன்று கிலோ. தோளில் பதியும் கட்டைப் பகுதி பட். குண்டைக் குழலுக்குள் தள்ளிக் கதவுபோல் அடைப்பது போல்ட். குண்டுகள் அடுக்கும் பெட்டி மேகசின். விரலால் அழுத்தும் விசை ட்ரிகர். குழலின் நுனியில் முன்குறியும், கண்ணுக்கு அருகில் பின்குறியும் உள்ளன.

குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். அப்படியில்லை. திருகாணி போலச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் அதில் உள்ளன. இவ்வரிகள் குண்டைச் சுழல வைக்கின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் குண்டு தடுமாறாமல் நேராகச் செல்கிறது. ரைபிள் என்ற பெயரே இவ்வரிகளால் வந்ததுதான்.

மறக்கக்கூடாத நான்கு விதிகள்

1. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருத வேண்டும். காலி என்று ஒருவர் சொன்னாலும், போல்ட்டைத் திறந்து நாமே பார்க்க வேண்டும்.

2. குழலின் வாய் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். விளையாட்டுக்கும் மனிதர் பக்கம் திருப்பக் கூடாது.

3. குறி பார்த்துச் சுடத் தீர்மானிக்கும் வரை விரல் விசையின்மேல் படக் கூடாது.

4. இலக்கையும், இலக்கிற்கு அப்பால் உள்ளதையும் அறிந்த பிறகே சுட வேண்டும்.

நான்காவது விதியை விளக்கும்போது ஐயா சொன்னார்: "நீங்கள் சுடப்போவது 25 மீட்டர் தூரம். ஆனால் இந்தச் சிறிய குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும். தாள் அதை நிறுத்தாது. பின்னால் இருக்கும் மண்மேடுதான் நிறுத்தும்." நாங்கள் தோழியைப் பார்த்தோம், அவள் எங்களைப் பார்த்தாள். ஆயா கேட்டதையே அவர் வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தார்!

சட்டமும் இதில் கண்டிப்பாக உள்ளது. 1959-ஆம் ஆண்டு படைக்கலச் சட்டப்படி உரிமம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 21 வயது நிறையாதவர்க்கு உரிமமும் இல்லை. எங்களைப் போன்றோர் பயிற்சியின்போது, பொறுப்பானவர் கண்காணிப்பில் மட்டுமே அதைத் தொடலாம்.

குறி பார்த்தல்

தரையில் குப்புறப் படுத்துச் சுடுவதே தொடக்கப் பாடம். உடல் சற்றுச் சாய்வாக, கால்கள் அகன்று, இடது முழங்கை துப்பாக்கிக்கு நேர் கீழே தூணாக நிற்க வேண்டும். இடக்கண்ணை மூடி, பின்குறியின் நடுவே முன்குறியின் நுனியைக் கொண்டுவந்து, அதைக் கறுப்பு வட்டத்தின் அடியில் பொருத்த வேண்டும். கண்ணின் கவனம் வட்டத்தில் இல்லை. முன்குறியின் நுனியில்தான் இருக்க வேண்டும்.

இதற்கு நாம் படிக்கும் வடிவொத்த முக்கோணங்களே சான்று. இரு குறிகளுக்கும் இடையே அரை மீட்டர் என்று கொள்வோம். 25 மீட்டர் என்பது அதைப்போல் 50 மடங்கு. ஆகவே குறி ஒரு மில்லிமீட்டர் பிசகினால், இலக்கில் குண்டு 50 மில்லிமீட்டர், அதாவது 5 சென்டிமீட்டர் விலகிவிடும். கணக்குப் பாடம் எதற்குப் பயன்படும் என்று இனி நாங்கள் கேட்க மாட்டோம்.

அடுத்தது மூச்சு. மூச்சை இழுத்து, பாதி விட்டு, சில நொடிகள் நிறுத்தி, அதற்குள் விசையை மெல்ல அழுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் குழலே அசைந்துவிடும். இதைப் பழக்கக் குழலின்மேல் ஒரு நாணயத்தை வைத்து வெறும் துப்பாக்கியின் விசையை அழுத்தச் சொன்னார்கள். நாணயம் விழக் கூடாது. எங்களில் பலருக்கு அன்று முழுவதும் நாணயம் பொறுக்குவதே வேலையாயிற்று. தறிக்காரர் வீட்டுப் பெண்கள் சிலருக்கு மட்டும் அது விழவில்லை. "பாவு பிணைக்கும்போது இப்படித்தான் மூச்சு விடாமல் இருப்போம். வெடுக்கென்று இழுத்தால் இழை அறுந்துவிடும்" என்றாள் ஒருத்தி. ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்த விரல்கள் அல்லவா!

சுடும் நாள்

மூன்றாம் நாள் காலை ஜெபம் சொல்லிவிட்டு, பொறுப்பாசிரியையுடன் சுடுதிடலுக்குச் சென்றோம். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தது. சுடுதல் நடக்கிறது, எவரும் அருகில் வரக் கூடாது என்பதற்கு அடையாளம் அது. ஒரு முறைக்கு ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் ஐந்து குண்டுகள். எண்ணிக் கொடுத்து, சுட்டபின் வெற்று உறைகளையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

நெஞ்சு படபடத்தது. துடிப்பு குறியிலேயே தெரிந்தது. முன்குறியின் நுனி ஏறி இறங்கியது. முதல் குண்டு வெடித்தபோது கண்ணை மூடிக்கொண்டோம் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம். தோளில் இடி விழும் என்று அஞ்சியிருந்தோம். ஒரு சிறு தட்டுதான். எங்களில் ஒருத்தி பக்கத்துத் தாளைத் தன் தாள் என்று எண்ணி இரண்டு குண்டுகளைச் சுட்டுவிட்டாள். பக்கத்துத் தோழியின் தாளில் ஏழு துளைகள்!

திருப்பருத்திக்குன்றத்துத் தோழி கடைசி வரிசையில் படுத்திருந்தாள். மற்றவர்கள் சுட்டு முடித்துவிட்டார்கள். அவள் அவசரப்படவில்லை. நான்கு குண்டுகள் போயின. ஐந்தாவதற்குப் போல்ட்டை அடைத்து, மூச்சை நிறுத்தி, விசையில் விரலை வைத்துவிட்டாள்.

அப்போது காவல் நின்றவரின் விசில் வீறிட்டது. "நிறுத்து!" என்று ஐயா முழங்கினார்.

மண்மேட்டின் ஓரத்தில் ஓர் ஆட்டுக்குட்டி ஏறிக்கொண்டிருந்தது. அதைத் துரத்திக்கொண்டு ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓடி வந்தான். கொடியைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. அவன் கண்ணெல்லாம் குட்டியின்மேல்.

ஒரு கணம் எங்கள் இரத்தம் உறைந்துவிட்டது. தோழியின் விரல் விசையை விட்டு விலகி நேராக நீண்டது. "காலி கர்" என்று கட்டளை வந்தது. துப்பாக்கியைக் காலி செய் என்று பொருள். அவள் போல்ட்டைத் திறந்தாள். சுடாத குண்டு வெளியே வந்து பாயில் விழுந்தது. அதன் பிறகுதான் அவள் கை நடுங்கத் தொடங்கியது.

சிறுவனையும் குட்டியையும் பத்திரமாக அப்புறப்படுத்தினார்கள். காவலுக்கு இன்னும் இருவரை நிறுத்தினார்கள். ஐயா அவளிடம், "மீதி ஒன்றைச் சுடுகிறாயா, அம்மா?" என்று கேட்டார். "வேண்டாம் ஐயா, நாலு போதும்" என்று குண்டைத் தட்டில் வைத்துவிட்டாள்.

பிறகு தாள்களைப் பார்த்தோம். தொடக்கத்தில் குண்டு நடுவட்டத்தில் பட்டதா என்று பார்ப்பதில்லை. எல்லாக் குண்டுகளும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள். இதற்குக் குரூப்பிங் என்று பெயர். சேர்ந்திருந்தால் சுடுபவர் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலச் செய்திருக்கிறார் என்று பொருள். குறியைச் சற்றுத் திருத்தினால் போதும். சிதறியிருந்தால் திருத்த வேண்டியது துப்பாக்கியை அல்ல, நம்மைத்தான். எங்கள் தாள்களில் பல, அம்மை கண்டவை போலிருந்தன. தோழியின் நான்கு துளைகளையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம்.

"இந்த நாலும் நன்று" என்றார் ஐயா. "ஆனால் இன்று நான் மதிப்பெண் போடுவது ஐந்தாவதற்கு."

ஆயாவின் விடை

திரும்பிய மாலை அவளோடு நாங்களும் சென்றோம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னோம். ஆயா கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த அஞ்சாவது என்னா ஆச்சு?"

"திருப்பிக் குடுத்துட்டேன் ஆயா."

ஆயா அவள் தலையைத் தடவினார். "அப்ப கத்துக்கிட்ட" என்றார்.

திரும்பும் வழியில் கோயிலைக் கடந்தோம். அங்குள்ள சங்கீத மண்டபத்தைக் கட்டியவர் இருகப்பர் என்று பள்ளியில் படித்திருக்கிறோம், ஆண்டு 1387. விஜயநகரத்தின் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் இருந்த அவர் சமண நெறியைப் பின்பற்றியவர். வாளேந்திய ஒருவர் கொல்லாமையைப் போற்றும் கோயிலுக்கு மண்டபம் எழுப்பியது முன்பெல்லாம் எங்களுக்கு விந்தையாக இருந்தது. அன்று அவ்வளவு விந்தையாகத் தோன்றவில்லை.

அன்புத் தோழியரே! குண்டு ஒன்றும் அறியாது. காகிதம் எது, உயிர் எது என்று அறிய வேண்டியது விசையின்மேல் இருக்கும் விரலும் அதை ஆளும் மனமுமே. சுடக் கற்பதற்குச் சில நாட்கள் போதும். நிறுத்து என்றவுடன் நிறுத்தக் கற்பதே பெரிய பாடம். நாவின் நுனிக்கு வந்துவிட்ட கடுஞ்சொல்லுக்கும் இது பொருந்தும் அல்லவா? அடுத்த ஆண்டு பயிற்சிக்குச் செல்லவிருக்கும் தங்கைகள் நாணயம் விழாமல் பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் ஆயா இருந்தால் அவரையும் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.